எண்பத்தைந்தாயிரம் ரூபாய் மேசை, அறுபதாயிரம் ரூபாய் முதலீடு

2021 ஆகஸ்டில் ஈரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் போட்ட பில்லை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். வாரண்டிக்காக இல்லை, அது எப்போதோ முடிந்துவிட்டது. அசெம்பிள் செய்த டெஸ்க்டாப் 46,500. 24 அங்குல மானிட்டர் மூன்று, ஒன்று 9,200 வீதம் 27,600. மூன்றையும் தாங்கும் ஸ்டாண்டு 3,400. போர்டில் இரண்டு மானிட்டருக்குத்தான் இடம் இருக்கிறது என்று மூன்றாவதற்காகச் சேர்த்த கிராபிக்ஸ் கார்டு 5,200. விளக்கு எரியும் கீபோர்டும் மவுசும் 2,900. கூட்டினால் 85,600 ரூபாய்.

அன்றைக்கு என் டிரேடிங் கணக்கில் இருந்தது 60,000.

கடைக்காரர் பில் போட்டுக்கொண்டே கேட்டார்: "ஏனுங்க, ஸ்கேன் சென்டர் ஏதாச்சும் வைக்கறீங்களா?"

"இல்லீங்க, ஷேர் மார்க்கெட்."

"அப்ப யுபிஎஸ் ஒண்ணு சேத்திரலாங்களா?"

"வீட்ல இன்வெர்ட்டர் இருக்குதுங்க, வேண்டாம்."

எனக்கு நிஜமாகவே தேவைப்பட்ட ஒரு பொருளை அவரே நினைவுபடுத்தினார். நான்தான் வேண்டாம் என்றேன்.

இப்போது இதை எழுதக் காரணம் என் தங்கை மகன். கோவையில் கல்லூரிக் கடைசி வருடம். "மாமா, இன்ட்ராடே ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். என்ன லேப்டாப், எத்தனை மானிட்டர்னு ஒரு லிஸ்ட் குடுங்க" என்றான். இன்ட்ராடே என்றால் ஒரே நாளுக்குள் பங்கை வாங்கி விற்று முடிப்பது. அவனுக்கு போனில் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். சின்னக் கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்ப்பதுதான் என் தொழில். காலையில் இரண்டு மணி நேரம் போலச் சந்தை. முதல் வருடம் 47,000 ரூபாய் போனது, இரண்டாம் வருடம் ஒன்பதாயிரம். அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சம் வருகிறது, ஆனால் விட்டதை இன்னும் முழுதாக எடுக்கவில்லை. எனவே சம்பாதிப்பது எப்படி என்று சொல்லும் யோக்கியதை எனக்குக் கிடையாது. எந்தச் சாமான் எந்த நேரத்தில் காலை வாரியது என்று சொல்ல முடியும்.

முதலில் அந்த நவம்பர் வியாழக்கிழமை. வடகிழக்குப் பருவமழை, காலையிலிருந்தே தூறல். ஒரு உலோகக் கம்பெனிப் பங்கை 412 ரூபாயில் 150 எண்ணிக்கை ஷார்ட் அடித்திருந்தேன். கையில் இல்லாத பங்கை முதலில் விற்று, விலை இறங்கியதும் வாங்கி முடிப்பதுதான் ஷார்ட். 416 போனால் வெளியே வந்துவிட வேண்டும் என்று மனதில் கணக்கு. பங்குக்கு 4 ரூபாய், மொத்தம் 600 ரூபாய்தான் நஷ்டம். கவனியுங்கள், மனதில்தான் கணக்கு. ஆர்டராகப் போடவில்லை.

11 மணி 5 நிமிடம். பளிச்சென்று ஒரு மின்னல், கரண்ட் போனது. இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்டது, தலைக்கு மேல் ஃபேன் நிற்கவே இல்லை. ஆனால் மூன்று மானிட்டரும் கறுத்து, டெஸ்க்டாப் அணைந்து மறுபடி முதலிலிருந்து எழத் தொடங்கியது. அது எழுந்து வந்தபோது நெட் இல்லை. ரவுட்டர் ஹாலில் டிவிக்குப் பின்னால் இருக்கிறது, அந்த பிளக் இன்வெர்ட்டர் லைனில் இல்லை. போனை எடுத்தேன், 9 சதவீதம் சார்ஜ். போட்டிருந்த சார்ஜர் பிளக்கும் இன்வெர்ட்டரில் இல்லாததுதான். மொபைல் டேட்டாவைப் போட்டு புரோக்கர் செயலியைத் திறந்தால் மறுபடி லாகின் கேட்டது. பாஸ்வேர்டு அடித்து, ஆறு இலக்க எண்ணுக்காக இன்னொரு செயலிக்குப் போய், எண்ணை நினைவில் வைத்துத் திரும்பி வருவதற்குள் அது மாறிவிட்டது. முப்பது நொடிக்கு ஒரு முறை மாறும் எண் அது. இரண்டாம் தடவை சரியாக அடித்து உள்ளே போனபோது விலை 421.40. கை நடுக்கத்தோடு 422க்கு வாங்கி முடித்தேன். 600 போக வேண்டிய இடத்தில் 1,500 போனது. போட்ட முதலீட்டில் இரண்டரை சதவீதம், ஒரே மின்னலில்.

அந்த மூன்று மானிட்டரும் சேர்ந்து சந்தைக்கு உள்ளே நுழைய நூறு வழி காட்டின. வெளியே வர ஒரு வழிகூட நான் செய்து வைத்திருக்கவில்லை. அன்றிலிருந்து எந்தப் பொருள் வாங்கினாலும் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்: கையில் பொசிஷன், அதாவது இன்னும் முடிக்காத டிரேடு, இருக்கும்போது இது செத்துப்போனால் நான் எப்படி வெளியே வருவேன்?

இந்தக் கேள்விக்கு முதல் பதில் ஒரு பைசா செலவில்லாதது. ஸ்டாப் லாஸை, அதாவது நஷ்டத்தை நிறுத்தும் விலையை, மனதில் வைக்காமல் ஆர்டராகப் போடுவது. ஸ்டாப் லாஸ் ஆர்டர் ஒருமுறை ஏற்கப்பட்டுவிட்டால் அது தேசியப் பங்குச் சந்தையான என்எஸ்இயின் கணினியில் போய் உட்கார்ந்துகொள்ளும். நம் வீட்டில் கரண்ட் இருக்கிறதா, நெட் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. விலை தொட்டால் வேலையைச் செய்யும். இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வெறும் எஸ்எல் (ஸ்டாப் லாஸ்) என்றால் ஆர்டரை எழுப்பும் தூண்டுவிலை, அதைத் தாண்டி வாங்காதே என்னும் எல்லைவிலை என இரண்டு எண் கொடுக்க வேண்டும். நான் ஆரம்பத்தில் 416 தூண்டுவிலை, 416.10 எல்லை என்று சிக்கனமாகப் போடுவேன். விலை 415.90இலிருந்து ஒரே தாவலில் 416.50 போய்விட்டால் ஆர்டர் உயிர்பெறும், ஆனால் நிறைவேறாது. அங்கேயே தொங்கும், விலை மேலே போய்க்கொண்டிருக்கும். எல்லையைத் தாராளமாக விடுங்கள், அல்லது எல்லையே இல்லாத எஸ்எல்-எம் போட்டு எந்த விலையானாலும் சரி என்று வெளியே வாருங்கள்.

சரி, மின்சாரம். நம் ஊரில் நாள் வணிகம் செய்பவருக்கு மழையையும் மின்னலையும்விடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடைதான் அது. காலை 9 மணிக்கு நிறுத்தினால் பெரும்பாலும் மாலை 4, 5 மணிக்குத்தான் வரும். சந்தை 9.15க்குத் திறந்து 3.30க்கு மூடுகிறது. யாரோ உட்கார்ந்து அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தும். பத்திரிகையில் ‘நாளைய மின்தடை’ என்று ஊர்ப்பெயர்களோடு வரும் பொடி எழுத்துச் செய்தியை என்னைப் போல் அக்கறையாகப் படிப்பவர் எங்கள் தெருவில் வேறு யாருமில்லை. காலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுவிடுவேன். அம்மா அதே காலண்டரைப் பார்த்து "வெள்ளிக்கிழமை பத்தரை பன்னெண்டு ராகு காலம், அப்ப எதையும் வாங்காதே" என்பார். மின்தடை நாளில் நான் சந்தைக்கே போவதில்லை. ராகு காலத்தைப் பற்றி இன்னும் முடிவுக்கு வரவில்லை.

அந்த வியாழக்கிழமைக்கு அடுத்த நாள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அவர் சொன்னது: "அண்ணா, இன்வெர்ட்டர் லைன்ல உங்க வீட்ல லைட், ஃபேன், அப்புறம் ரெண்டே பிளக் பாயிண்ட்தான் இருக்கு." என் மேசை அதில் ஒன்றில் தற்செயலாக மாட்டியிருக்கிறது. அப்படியும் ஏன் கம்ப்யூட்டர் அணைந்தது? இன்வெர்ட்டரின் பின்பக்கம் ஒரு சின்ன சுவிட்ச்சைக் காட்டினார். ஒரு பக்கம் நார்மல், ஒரு பக்கம் யுபிஎஸ். நார்மலில் இருந்தால் பேட்டரிக்கு மாறும் நேரம் ஃபேனுக்குத் தெரியாது, கம்ப்யூட்டருக்குத் தெரியும். யுபிஎஸ் பக்கம் தள்ளினால் மாற்றம் வேகமாக நடக்கும். வீட்டில் ஐந்து வருடமாக இருந்த பெட்டியில் அப்படி ஒரு சுவிட்ச் இருப்பது எனக்குத் தெரியாது. ஆனால் யுபிஎஸ் நிலையில் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலே பெட்டி பேட்டரிக்குத் தாவிவிடும். கோடையில் மாலை நேரத்தில் வோல்டேஜ் தள்ளாடும் எங்கள் பகுதியில் பேட்டரி தேவையில்லாமல் தேயும். அதனால் காலையில் யுபிஎஸ், மதியத்துக்கு மேல் நார்மல் என்று மாற்றிவிடுகிறேன்.

இதற்கு மேல் மேசைக்கடியில் 600 விஏ யுபிஎஸ் ஒன்று வைத்தேன். டெஸ்க்டாப்பைப் பத்துப் பதினைந்து நிமிடம் தாங்கும். பொசிஷனை முடித்துவிட்டு வெளியேற அது தாராளம். லேப்டாப் வைத்திருப்பவருக்கு இந்தத் தலைவலியே இல்லை, பேட்டரிதான் உள்ளேயே இருக்கிறதே. இதைத் தங்கை மகனிடம் சொன்னபோது "அப்ப லேப்டாப்பே போதும்ங்கறீங்களா மாமா" என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடு கேட்டான். ஆமாம், போதும்.

ரவுட்டருக்குத் தனியாக ஒரு மினி யுபிஎஸ் உண்டு. உள்ளங்கை அகலம், 12 வோல்ட், ஆயிரம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். அடாப்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவில் இதைச் செருகினால் கரண்ட் போனது ரவுட்டருக்கே தெரியாது. என் மேசையில் இருப்பவற்றிலேயே கொடுத்த காசுக்கு அதிகமாக உழைத்தது இதுதான்.

அப்படியும் ஒருமுறை நெட் போனது. ரவுட்டர் விளக்கு எல்லாம் எரிகிறது, இணையம் மட்டும் இல்லை. கேபிள் தம்பியைக் கூப்பிட்டால், "கரண்ட் போனா சந்து முனையில இருக்கிற நம்ம பாக்ஸும் ஆஃப் ஆயிருமுங்கண்ணா" என்றான் சாதாரணமாக. சில இணைப்புகளில் தலைமை நிலையத்திலிருந்து வீடு வரை கண்ணாடி இழைதான், நடுவில் கரண்ட் தேவைப்படும் பொருளே கிடையாது. சில உள்ளூர் இணைப்புகளில் தெருமுனைப் பெட்டிக்குள் மின்சாரத்தில் ஓடும் சுவிட்ச் இருக்கும். நீங்கள் வீட்டில் எத்தனை பேட்டரி வைத்தாலும் அந்தப் பெட்டி போனால் போச்சு. இணைப்பு வாங்கும் முன் எத்தனை எம்பிபிஎஸ் என்று கேட்கிறோமே, அதைவிட இதைக் கேட்க வேண்டும். வேகம் பெரிய விஷயமே இல்லை. சார்ட்டும் விலையும் ஓடுவதற்கு 40 எம்பிபிஎஸ் இணைப்பில் ஒரு மூலை போதும். விட்டுவிட்டு வராமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது வழியாக மொபைல் டேட்டா. வீட்டு நெட் ஒரு கம்பெனி என்றால் சிம் வேறு கம்பெனியாக இருக்கட்டும். எந்த சிம் என்பதை விளம்பரம் பார்த்து முடிவு செய்யாமல், நீங்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து, காலை 9.30 மணிக்குச் சோதித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஒரு சிம் மொட்டை மாடியில் பறக்கும், என் மேசையில் தவழும்.

மாதம் ஒரு நாள், 3.30க்கு மேல், ஒத்திகை பார்ப்பேன். மெயின் சுவிட்ச்சை நானே இறக்கிவிட்டு, எது அணைகிறது, எத்தனை நிமிடம் தாங்குகிறது, போனில் ஹாட்ஸ்பாட் போட எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பேன். முதல் ஒத்திகையில் குளிர்சாதனப் பெட்டி ஏன் நின்றது என்று மனைவி கேட்ட கேள்விக்குச் சரியான பதில் இல்லாமல் தவித்தேன். இப்போது முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

போனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சாவி அதில்தான் இருக்கிறது. அந்த ஆறு இலக்க எண் இல்லாமல் உள்ளே நுழைய முடியாது. போன் கீழே விழுந்து உடைந்தால், மேசையில் மூன்று மானிட்டர் இருந்தும் வாசலில்தான் நிற்க வேண்டும். கணக்கில் அந்த எண் முறையை அமைக்கும்போது திரையில் ஒரு கியூஆர் கட்டம் காட்டுவார்கள். அதை இரண்டு போனில் ஸ்கேன் செய்துவிட்டால் இரண்டிலும் ஒரே எண் ஓடும். என் பழைய போன், திரை விரிசல் விட்டது, சிம் கூடக் கிடையாது, அந்த ஒரு வேலைக்காக மேசை டிராயரில் கிடக்கிறது. போனின் கடிகாரம் தானியங்கியாக இருக்க வேண்டும். கடிகாரம் பிசகினால் எண்ணும் பிசகும்.

அப்புறம் சுவரில் ஒரு காகிதம். அதில் புரோக்கரின் போன் வழி ஆர்டர் எண்ணும் என் வாடிக்கையாளர் எண்ணும் மட்டும். பாஸ்வேர்டு இல்லை. நெட், செயலி எல்லாம் படுத்துவிட்டால் கூப்பிட்டுச் சொல்லி முடித்துக்கொள்ளலாம். என் புரோக்கர் அதற்கு ஒரு ஆர்டருக்கு 50 ரூபாயும் ஜிஎஸ்டியும், ஆக 59 ரூபாய் வாங்குகிறார். நாமே முடிக்காமல் விட்டுவிட்டு, 3.20 வாக்கில் அவர்களே இன்ட்ராடே பொசிஷனை மூடினாலும் அதே கட்டணம். இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறேன். ஒருமுறை உடனே எடுத்தார்கள், ஒருமுறை இசை கேட்டுக்கொண்டு ஏழு நிமிடம்.

சந்தையே படுத்துவிட்டால்? அதுவும் நடந்திருக்கிறது. 2021 பிப்ரவரி 24 அன்று தொலைத்தொடர்பு இணைப்புச் சிக்கலால் 11.40க்கு என்எஸ்இயில் வணிகம் நின்று, 3.45க்கு மீண்டும் தொடங்கி, மாலை 5 மணி வரை நடந்தது. அப்போது நான் சந்தைக்கு வந்திருக்கவில்லை. புரோக்கரின் கணினிகள் மொத்தமாக முடங்கினால் வாடிக்கையாளர்கள் தங்கள் பொசிஷனை மட்டும் மூடிக்கொள்வதற்காக 2023 அக்டோபரில் ஐஆர்ஆர்ஏ என்ற பொதுத் தளத்தை பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி தொடங்கி வைத்தது. அப்படி ஒன்று இருப்பதும், அதற்கான செய்தி பதிவு செய்த மொபைல் எண்ணுக்கும் மின்னஞ்சலுக்கும்தான் வரும் என்பதும் தெரிந்திருந்தால் போதும். பழைய எண்ணைக் கணக்கில் அப்படியே விட்டு வைத்திருப்பவர்கள் அதை முதலில் மாற்றட்டும்.

இனி கம்ப்யூட்டர். எல்லோரும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள், எனக்கு இதில் சொல்ல அதிகம் இல்லை. ஐ5 பிராசஸர், 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி இருந்தால் ஓடும். 16 ஜிபி இருந்தால் சார்ட் பத்து திறந்தாலும் முனகாது. அலுவலகங்கள் கழித்துவிட்ட, புதுப்பித்து விற்கும் பெட்டிகள் சென்னை ரிச்சி தெருவில் மட்டுமல்ல, எல்லா ஊரிலும் கிடைக்கின்றன. இன்று வாங்குவதானால் அப்படி ஒன்றைத்தான் வாங்குவேன். கிராபிக்ஸ் கார்டு வேண்டவே வேண்டாம். மானிட்டர் ஒன்று, ஃபுல் ஹெச்டி, ஜன்னலுக்கு எதிரில் வைக்காமல் பக்கவாட்டில். லேப்டாப்போடு சேர்த்தால் இரண்டு திரை ஆகிவிட்டது. ஒன்றில் சார்ட், ஒன்றில் ஆர்டர். மூன்றாவது திரையில் நான் பிசினஸ் சேனல் ஓடவிட்டேன். அதில் ஒருவர் சிவப்புக் கட்டத்துக்குள் வேகமாகப் பேசினால் என் விரல் தானாக மவுசை நோக்கிப் போகும். இரண்டு மாதம் கழித்துச் சேனலை நிறுத்தியபோது திரைக்கு வேலையில்லாமல் போனது.

விளக்கு எரியும் கீபோர்டின் கதை வேறு. பல டெர்மினல்களில் எஃப்1 வாங்க, எஃப்2 விற்க. விரல் வேகம் முக்கியம் என்று யாரோ சொன்னதை நம்பிப் பழகிக்கொண்டிருந்தேன். ஒருநாள் 100 பங்கு ஷார்ட்டில் நல்ல லாபம். முடிக்க எஃப்1 அழுத்த வேண்டும். ‘விற்றதை முடி’ என்று மனம் சொன்னதில் ‘விற்ற’ என்பதை மட்டும் விரல் கேட்டு எஃப்2 அழுத்திவிட்டது. ஷார்ட் 200 ஆகிவிட்டது. ஏன் லாபம் இன்னும் ஆடுகிறது என்று புரிய எனக்கு அரை நிமிடம் ஆனது. அதற்குள் விலை திரும்பிவிட்டது. இப்போது பொசிஷன் பக்கத்துக்குப் போய், அந்த வரியில் இருக்கும் வெளியேறு பொத்தானை மட்டும் தொடுகிறேன். அது திசையையும் எண்ணிக்கையையும் தானே போட்டுக்கொள்ளும்.

மவுசின் உருளையும் அப்படித்தான். எண்ணிக்கைக் கட்டத்தில் கர்சர் இருக்கும்போது பக்கத்தைக் கீழே தள்ளுவதாக நினைத்து உருட்டினால், சில இடங்களில் எண் ஏறி இறங்கும். 50 என்று போட்டது 57 ஆகியிருந்ததை ஆர்டர் போன பிறகு பார்த்தேன். ஏழு பங்கு என்பதால் சிரித்துக்கொண்டேன்.

எந்தப் பங்குகளைத் திரையில் வைத்திருப்பது என்பதும் ஒரு சாமான்தான். சின்னக் கம்பெனிப் பங்குகளுக்கு 5, 10, 20 சதவீதம் என்று தினசரி விலை வரம்பு உண்டு. ஷார்ட் அடித்த பங்கு மேல் வரம்பில் போய்ப் பூட்டிக்கொண்டால் விற்க ஆளே இருக்க மாட்டார்கள். நீங்கள் எப்படி வாங்கி முடிப்பீர்கள்? விற்ற பங்கைக் கொடுக்க முடியாமல் அது ஏலத்துக்குப் போய் அபராதத்தோடு வந்து சேரும். வெளியே வரும் வழி அங்கேயும் அடைபடுகிறது. ஆகவே ஃபியூச்சர்ஸ் உள்ள பெரிய கம்பெனிகளில் பத்து மட்டும் என் பட்டியலில். அவற்றுக்கு அந்த மாதிரி நிலையான பூட்டு கிடையாது. ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் என்று பங்கின் பின்னாள் விலையை வைத்துப் போடும் ஒப்பந்தங்கள் பக்கம் நான் போவதில்லை. 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் அங்கே இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடிக்கு மேல் என்று செபியின் ஆய்வே சொல்கிறது.

கணக்கு எழுதுபவன் என்பதால் செலவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கி அதே நாளில் அதே விலைக்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆர்டருக்கு 20 ரூபாய் வாங்கும் சிக்கன புரோக்கரிடம் போகவர 40. விற்கும் பக்கம் எஸ்டிடி என்னும் பங்குப் பரிவர்த்தனை வரி 0.025 சதவீதம், அதாவது 25 ரூபாய். சந்தைக் கட்டணம் ஆறு ரூபாய் போல, முத்திரைத் தீர்வை 3, ஜிஎஸ்டி எட்டு ரூபாய்ச் சொச்சம், செபிக்குச் சில்லறை. ஆகமொத்தம் ஏறக்குறைய 82 ரூபாய். லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை என்று நீங்கள் நினைக்கும் டிரேடில் 82 ரூபாய் போய்விட்டது. 500 ரூபாய்ப் பங்கு என்றால் 41 பைசா நகர்ந்த பிறகுதான் உங்கள் லாபம் ஆரம்பம்.

என் முதல் மூன்று மாதத்தில் 214 டிரேடு. பெரும்பாலும் அறுபதாயிரம் ரூபாய் அளவு. ஒன்றுக்கு 64 ரூபாய் வீதம் கட்டணம் மட்டும் 13,000க்கு மேல். விலையில் விட்டது 11,600. ஆக, சந்தை பறித்ததைவிட நான் தட்டித் தட்டிக் கரைத்ததுதான் அதிகம். நான் மட்டும் விதிவிலக்கு இல்லை. 2022-23இல் பங்குகளில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் பத்தில் ஏழு பேர் நஷ்டம் என்றும், வருடம் 500 டிரேடுக்கு மேல் செய்தவர்களில் அது 80 சதவீதம் என்றும், நஷ்டப்பட்டவர்கள் அந்த நஷ்டத்தோடு அதில் 57 சதவீத அளவுக்குக் கட்டணமாகவும் கொடுத்தார்கள் என்றும் செபி 2024 ஜூலையில் வெளியிட்டது. என் நோட்டையே பார்த்து எழுதியது போல இருந்தது.

நோட்டு என்றேனே, அது இருநூறு பக்க லாங் சைஸ் நோட்டு, எழுபது ரூபாய். கோடு போட்டு ஆறு கட்டம்: நேரம், எதற்காக நுழைந்தேன், ஸ்டாப் லாஸ் எங்கே, எங்கே வெளியேறினேன், கட்டணம் போகக் கையில் என்ன, கடைசியாக அப்போது என்ன மனநிலை. கடைசிக் கட்டத்தை முதலில் வெட்கப்பட்டுக் காலியாக விட்டேன். அப்புறம் ஒற்றைச் சொல்லாக எழுத ஆரம்பித்தேன். ‘கோபம்’, ‘அவசரம்’, ‘போரடித்தது’. ஐந்து மாதம் ஆனதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நேரவாரியாகக் கூட்டினேன். ஜிஎஸ்டி கணக்கு ஒத்துப்பார்க்கிற அதே பழக்கம்தான். 9.30இலிருந்து 11.30 வரை செய்தவை கிட்டத்தட்ட சமம், கொஞ்சம் லாபம்கூட. 11.30க்கு மேல் செய்தவை பக்கம் பக்கமாக நஷ்டம், எதிரில் பாதிக்கு மேல் ‘போரடித்தது’. அன்றோடு 11.30க்குக் கணினியை அணைப்பது என்று வைத்துக்கொண்டேன். எந்தத் திரையும் எனக்குக் காட்டாததை இந்த எழுபது ரூபாய் நோட்டு காட்டியது.

அதே நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு வகுத்தல் கணக்கு எழுதி ஒட்டியிருக்கிறேன். ஒரு டிரேடில் விடக்கூடியது போட்ட முதலீட்டில் ஒரு சதவீதம், 60,000க்கு 600. நுழையும் விலைக்கும் ஸ்டாப் லாஸுக்கும் இடைவெளி 5 ரூபாய் என்றால் 120 பங்கு, 8 ரூபாய் என்றால் 75. இன்ட்ராடேவில் ஐந்து மடங்கு வரை மார்ஜின் கிடைக்கிறது என்பதற்காக மூன்று லட்சத்துக்கும் வாங்கிவிடக் கூடாது. எண்ணிக்கையை முடிவு செய்ய வேண்டியது இந்த வகுத்தல்தான், புரோக்கர் கொடுக்கும் கடன் இல்லை.

வீட்டு ஆட்களும் இந்த ஏற்பாட்டில் சேர்த்தி. 9.20க்கு காஸ் சிலிண்டர் வரும், கையெழுத்துப் போட வேண்டும். 9.40க்கு அம்மாவுக்கு மாத்திரைச் சீட்டு தேட வேண்டும். ஆரம்பத்தில் எரிந்து விழுந்தேன். பிறகு ஒரு ஒப்பந்தம்: கதவு சாத்தியிருந்தால் கையில் பொசிஷன் இருக்கிறது, திறந்திருந்தால் கூப்பிடலாம். சிலிண்டர் மட்டும் விதிவிலக்கு. அந்த ஒப்பந்தத்தால் எனக்கே ஒரு நன்மை நடந்தது, கதவு நீண்ட நேரம் சாத்தியே இருந்தால் மனைவி வந்து எட்டிப் பார்த்து "என்ன, மாட்டிக்கிட்டீங்களா?" என்பாள். பெரும்பாலும் ஆமாம்தான்.

வரி பற்றி இரண்டு வரி. இன்ட்ராடே லாபம் ஊக வணிக வருமானமாகப் போகும், ஐடிஆர்-3 என்ற வருமான வரிப் படிவம் போட வேண்டும். நஷ்டம் என்றாலும் கெடு தேதிக்குள் தாக்கல் செய்துவிடுங்கள். அப்போதுதான் அந்த நஷ்டத்தை நான்கு வருடம் வரை எடுத்துச் சென்று, இதே வகை லாபத்தில் மட்டும் கழித்துக்கொள்ள முடியும். ஜூலையில் என்னிடம் வரும் பையன்களில் பாதிப்பேர் "நஷ்டம்தானே அண்ணா, எதுக்குக் காட்டணும்" என்கிறார்கள்.

எதை வாங்கு, எதை விற்று என்று சொல்லும் டிப்ஸ் குரூப்புகளைப் பற்றி அதைவிடக் குறைவாகச் சொல்கிறேன். செபியில் பதிவான ஆய்வாளர் என்றால் ஐஎன்ஹெச் என்று தொடங்கும் எண் இருக்கும். செபியின் தளத்தில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் குரூப்பை விட்டு வெளியேறுங்கள். அவர்கள் அனுப்பும் இணைப்பில் டிரேடிங் செயலி எதையும் இறக்காதீர்கள்.

இத்தனையும் கேட்டுவிட்டுத் தங்கை மகன் கடைசியில், "சரி மாமா, உங்ககிட்ட சும்மா கெடக்கற அந்த மூணாவது மானிட்டரையாச்சும் நான் எடுத்துக்கட்டுமா?" என்றான். எடுத்துக்கொள், ஆனால் பணம் போடாமல் தினமும் சார்ட் பார்த்து, வாங்கியிருந்தால் எங்கே வாங்கியிருப்பேன், ஸ்டாப் லாஸ் எங்கே, என்ன ஆனது என்று நாற்பது பக்கம் எழுதிக் காட்டு என்றேன். இதுவரை பதினொரு பக்கம் படம் எடுத்து அனுப்பியிருக்கிறான். எட்டாம் பக்கத்தில் மனநிலைக் கட்டத்தில் ‘தூக்கம்’ என்று எழுதியிருக்கிறது. மானிட்டர் இன்னும் பீரோ மேல்தான் இருக்கிறது, துணி போட்டு மூடி.